இரவு பதினோரு மணிக்கான ஸ்டீரியோ

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான் உண்டு. எங்கள் பக்கம் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் சுண்ணாம்பு உதிரும். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை, தண்ணீர் பிடிக்க வாசலில் நின்றிருந்த என்னை அடுத்த வீட்டு அம்மா அழைத்து, "தப்பா நினைச்சிக்காதப்பா. ராவுல நீ போட்ற பாட்டு எங்களுக்குக் கேக்கவே இல்ல. சொவுரு மட்டும் தும்மு தும்முனு அதிருது. அதான் தூக்கம் புடிக்கல" என்றார். நான் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் அவர் சொன்னதில் இருந்த விசித்திரம் எனக்கு உறைத்தது. பாடுபவரின் குரல் எனக்கே அரைகுறையாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமைக் குறைத்துத்தான் நான் தினமும் படுக்கிறேன். அப்படியிருக்க, எனக்கு வேண்டிய ஒலி என் காதுக்கு வராமலும், யாருக்கும் வேண்டாத அதிர்வு சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டும் இருந்திருக்கிறது என்றால், அந்தக் கருவியே அந்த அறைக்கு உரியதல்ல என்றுதானே பொருள்?

அது ஒரு பண்டிகைச் சலுகையில் வாங்கிய 'ஹோம் தியேட்டர்': ஐந்து சிறு ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிகளுக்கென்றே முக்காலி உயரத்துக்கு ஒரு சப்-வூஃபரும். பெயர் வேண்டாம்; அதே போன்ற பெட்டிகள் பத்துப் பெயர்களில் வருகின்றன. அட்டைப்பெட்டியின் மேல் 10,000 வாட் பிஎம்பிஓ (கணநேர உச்சத் திறன் என்று சொல்லிக்கொள்வது) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கருவியின் பின்புறம் ஒட்டியிருந்த சிறிய வெள்ளித் தாளிலோ, அது இழுக்கும் மின்சாரம் 60 வாட் என்று இருந்தது. அறுபது வாட்டை உள்ளே வாங்கிக்கொண்டு பத்தாயிரம் வாட்டை வெளியே தரும் கருவியை ஒருவர் செய்துவிட்டால், அத்திப்பட்டில் புகைந்துகொண்டிருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தை நாளைக்கே மூடிவிடலாம். பிஎம்பிஓ என்ற எண்ணுக்கு எந்தத் தர அமைப்பின் வரையறையும் கிடையாது. விற்பவர் விரும்பிய எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது கருவி தொடர்ந்து தரக்கூடிய திறன். அதையும் தனியாகப் பார்க்கக் கூடாது. எத்தனை ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கருக்கு, ஒலி எத்தனை சதவீதம் சிதையும் நிலையில் அளந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 10 சதவீதச் சிதைவில் அளந்த 30 வாட்டும், 1 சதவீதத்துக்குக் கீழே அளந்த 30 வாட்டும் ஒன்றல்ல.

படுக்கையறைக்கு உண்மையில் எத்தனை வாட் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாதாரணமான ஒரு சிறு ஸ்பீக்கர், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 86 டெசிபல் ஒலியைத் தரும். தொலைவு இரண்டு மடங்கானால், திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும்; அறைக்குள் அதைவிடக் குறைவாகவே குறையும். குறைத்தே மதிப்பிடுவோம் என்று 6 டெசிபலைக் கழித்தாலும், இரண்டு மீட்டர் தள்ளிக் கட்டிலில் படுத்திருக்கும் என் காதுக்கு 80 டெசிபல் வந்துவிடுகிறது. இரவில் எனக்கு 60 டெசிபலே தாராளம். 20 டெசிபல் குறைவு என்றால் மின்திறன் நூறில் ஒரு பங்கு. ஆக, ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கைத்தான் நான் செலவழிக்கிறேன். மிருதங்கத்தின் ஓர் அடி சராசரியைவிட 20 டெசிபல் மேலே எழுந்தாலும் ஒரு வாட் போதும். பக்கத்துக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 15 அல்லது 20 உண்மையான வாட் உள்ள ஆம்ப்ளிஃபையர் ஒன்பதுக்குப் பத்து அறையில் ஒருநாளும் மூச்சு வாங்காது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்ற சுற்றுப்புற ஒலி வரம்பை வைத்திருக்கின்றன. எங்கள் வீட்டு மின்விசிறியை ஐந்தில் வைத்தாலே கைப்பேசிச் செயலி 46 காட்டுகிறது. அந்தச் செயலியை நான் முழுதாக நம்பவில்லை என்றாலும், என் பாட்டு போட்டியிட வேண்டியது அந்த விசிறியோடுதான் என்பதை அது தெளிவாகவே காட்டிவிட்டது.

மெல்ல வைத்துக் கேட்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது கருவியில் இல்லை, காதில் இருக்கிறது. ஒலி குறையக் குறைய, நம் காது தாழ்ந்த சுருதிகளை மற்றவற்றைவிட வேகமாகக் கைவிட்டுவிடுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வளைகோடுகளாக வெளியிட்டார்கள். பின்னர் திருத்தப்பட்டுப் பன்னாட்டுத் தரமாக உள்ள அட்டவணையின்படி, 1000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு ஆயிரம் அதிர்வுகளில்) 40 டெசிபலில் ஒலிக்கும் ஓர் ஓசைக்கு இணையாக 100 ஹெர்ட்ஸ் ஓசை நமக்குக் கேட்க வேண்டுமானால், அது ஏறத்தாழ 64 டெசிபலில் ஒலிக்க வேண்டும். ஒலியைக் கூட்டினால் இந்த இடைவெளி சுருங்கிவிடும். கடையில் சத்தமாக வைக்கும்போது நிறைவாக இருந்த பாட்டு, வீட்டில் மெல்ல வைத்ததும் உப்பில்லாக் கஞ்சியாகிவிடுவதற்கு இதுதான் காரணம். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் 'லவுட்னஸ்' என்றொரு பொத்தான் இருக்கும். பலர் அதைச் சத்தத்தைக் கூட்டும் பொத்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். குறைந்த ஒலியில் காது இழப்பதை ஈடுகட்ட, தாழ்ந்த சுருதிகளை (சிலவற்றில் உச்ச சுருதிகளையும்) சற்றுத் தூக்கிக்கொடுப்பதே அதன் வேலை. படுக்கையறைக்கு வாங்கும் எந்தக் கருவியிலும் அந்தப் பொத்தானோ, குறைந்தபட்சம் பாஸ் (தாழ்ந்த சுருதி), ட்ரெபிள் (உச்ச சுருதி) திருகுகளோ இருந்தாக வேண்டும். தூய ஒலி என்ற பெயரில் இவற்றையெல்லாம் நீக்கிவிட்ட கருவிகள், தனி அறை கட்டி உரக்கக் கேட்பவர்களுக்கு ஆகும், எனக்கு ஆகாது.

ஆகவே இரவு பதினோரு மணிக்கு, விசிறி ஓடும் அறையில், மெல்ல வைத்தால் எப்படி ஒலிக்கிறது என்பது ஒன்றையே உரைகல்லாக வைத்துக்கொண்டு கடைகளுக்குப் புறப்பட்டேன். என் தலைமுறை வடசென்னைக்காரர்களுக்குப் பாட்டுக் கருவி என்றால் முதலில் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார், அதற்கடுத்து ரிச்சி தெரு. இவை இரண்டோடு காட்சிக்கூடம் வைத்த ஒரு பெரிய கடைக்கும் போனேன். அங்கிருந்த பையன் நான் உட்காரும் முன்பே அறை அதிர ஒரு பாட்டைப் போட்டான். "அஞ்சுல வைப்பா, தம்பி" என்றேன். "சார், அம்பதுல வெச்சாதான் சார் இதோட பவர் தெரியும்" என்றான். பவர் எனக்குத் தெரிய வேண்டாம் என்று அவனுக்குப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆனது. பிறகு அவன் குறைத்தான். அறையில் இருந்த குளிர்சாதனத்தின் இரைச்சலுக்குள் பாட்டு அமிழ்ந்து போயிற்று. கம்பிவாத்தியங்கள் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தன. அவனே முகம் சுளித்தான்.

அப்படிக் குறைத்துக் கேட்டதில் மூன்று குறைகள் பிடிபட்டன. சத்தமாகக் கேட்டால் அவை ஒருக்காலும் வெளியே வரா. முதலாவது, வால்யூம் திருகைக் கீழே கொண்டுவரக் கொண்டுவர, நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்த பெண்குரல் மெல்ல நகர்ந்து இடப்பக்க ஸ்பீக்கருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரே தண்டில் இரண்டு கட்டுப்பாடுகள் கோத்த மலிவான திருகுகளில், தொடக்கத்தில் இரண்டும் ஒத்துப்போவதில்லை. கால் சுற்றுக்கு மேல் போனால்தான் சமமாகும். இரவில் நாம் கேட்பதோ அந்தக் கால் சுற்றுக்குள்தான். வேறு வழியில்லாதவர்கள் கைப்பேசியின் ஒலியளவைக் குறைத்துவிட்டு, கருவியின் திருகை மேலே வைத்துக்கொள்ளலாம். படிப்படியாக எண் காட்டும் மின்னணு வால்யூம் உள்ள கருவிகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருப்பதில்லை. இரண்டாவது, பாட்டை நிறுத்திவிட்டுக் காதை ஒரு முழத் தொலைவில் வைத்தால் உச்ச சுருதிகளுக்கான ட்வீட்டரிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். அலுவலக மேசைக்கும் ஒரு ஜோடி வாங்குவதாக இருந்தேன்; அங்கே நாம் உட்காருவது அதே ஒரு முழத் தொலைவில்தான். மூன்றாவதைக் கடையில் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தெரிந்தது. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவதற்காகப் பல புதிய கருவிகள், உள்ளே வரும் ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சில நிமிடங்கள் இருந்தால் தாமே உறங்கிவிடும். நான் முதலில் வாங்கிய ஜோடி, ஆலாபனை மெலிந்து தம்பூரா மட்டும் மிஞ்சும் இடத்தில் 'டக்' என்று அணைந்து, மிருதங்கம் தொடங்கியதும் இரண்டு நொடி தாமதித்து விழித்துக்கொள்ளும். அந்த ஏற்பாட்டை நிறுத்த அதில் வழியே இல்லை. மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தேன்.

இனி அறைக்கு வருகிறேன். எங்கள் படுக்கையறை பத்தடி நீளம், ஒன்பதடி அகலம், பத்தடி உயரம். எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு இடையே, அந்த இடைவெளியைப் போல் இரண்டு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலி முட்டி முட்டித் திரும்பி வீங்கும். பத்தடிக்கு அது ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ். எங்கள் அறையில் நீளமும் உயரமும் ஒன்றாகவே இருப்பதால் இரண்டு வீக்கங்களும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. ஒன்பதடி அகலத்தின் வீக்கம் 63 ஹெர்ட்ஸ் அருகே, அதற்குத் துணையாக நிற்கிறது. பேஸ் கிதாரின் ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் திரைப்பாடல்களில் பேஸ் கிதார் எவ்வளவு அழகாக நடந்து போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது அந்த ஒரு தந்தியைத் தொடும் ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் கைப்பிடி 'ர்ர்ர்' என்று உறுமும். சப்-வூஃபரை நான் வைத்திருந்ததோ பொதுச்சுவரின் மூலையில். தரையும் இரண்டு சுவர்களும் சேரும் அந்த முக்கில் தாழ்ந்த சுருதிகளுக்கு மிக அதிக வலு கிடைக்கும். போதாததற்கு, குரலையும் வயலினையும் நன்றாகத் தடுத்துவிடும் ஒற்றைச் செங்கல் சுவர், இந்தத் தாழ்ந்த சுருதிகளைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அடுத்த வீட்டு அம்மா தூங்காமல் இருந்ததற்கு இத்தனை காரணங்கள் வரிசையாக நின்றன.

ஆதலால் சிறிய அறைக்குச் சிறிய ஸ்பீக்கர் என்பதை இடமில்லாதவனின் சமரசம் என்று நான் இப்போது நினைப்பதில்லை. 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே தானாகவே இறங்கிவிடும் ஒரு ஸ்பீக்கர், அந்த அறையில் வம்பு செய்யும் 56 ஹெர்ட்ஸைத் தட்டி எழுப்புவதில்லை. பாட்டின் உடம்பு என்று நாம் உணர்வது பெரும்பாலும் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில்தான் இருக்கிறது. ஆண்குரலின் நெஞ்சு ஒலி, வயலினின் கீழ்த் தந்தி எல்லாம் அங்கேதான். அதற்கும் கீழே உள்ள அடிச்சுருதி ஸ்பீக்கரில் வராவிட்டாலும், அதன் மடங்குகளாக எழும் மேலிசைகள் கேட்டால் மூளை அடிச்சுருதியைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். உள்ளங்கை அளவு டிரான்சிஸ்டரில் ஒரு காலத்தில் நாம் மிருதங்கக் கச்சேரி கேட்டு மகிழ்ந்தது அந்த ஊகத்தின் துணையால்தான்.

சிறிய பெட்டிக்கு என்று ஒரு பெருமையான வரலாறும் உண்டு. 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அதுவரை அலமாரி அளவு பெட்டி தேவைப்பட்ட பாஸ் ஒலி, புத்தக அடுக்கில் வைக்கும் பெட்டியில் வந்தது அதற்குப் பிறகுதான். 1970-களில் இங்கிலாந்தின் பிபிசி, வெளி ஒலிபரப்புக்குப் போகும் வேனுக்குள் பொறியாளர் கையெட்டும் தொலைவில் வைத்துக் கேட்பதற்காக எல்எஸ்3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கரை வடிவமைத்தது. ஏறத்தாழ ஓர் அடி உயரம், தாழ்ந்த சுருதிகளுக்கு ஐந்து அங்குல வூஃபர், துளையில்லாத மூடிய பெட்டி. ஆழ்ந்த பாஸ் அதில் கிடையாது. அதற்கு மேலே உள்ள பகுதியில் மெல்லிய மேடு ஒன்றை வைத்து அந்தக் குறை தெரியாமல் செய்திருந்தார்கள். வேனுக்குப் பொருந்தியது வண்ணாரப்பேட்டைப் படுக்கையறைக்குப் பொருந்தாதா? சிறிய பெட்டி, ஆழ்ந்த பாஸ், குறைந்த மின்திறனில் அதிக ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒருவர் பெற முடியும் என்பது ஹாஃப்மன் என்ற பொறியாளரின் பெயரால் வழங்கும் விதி. கைப்பிடி அளவு பெட்டிக்குள் மூன்றும் இருப்பதாக ஒருவர் விற்றால், அவர் பிஎம்பிஓக்காரரின் பங்காளி என்று கொள்க.

எங்கே வைப்பது என்பதில் எனக்குச் சாத்திரமும் குறுக்கே வந்தது. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவர் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும், ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும் என்பது ஸ்டீரியோவின் பாலபாடம். அப்போதுதான் குரல் இரண்டுக்கும் நடுவே, எதுவுமே இல்லாத வெற்றிடத்தில் வந்து நிற்கும். வடக்கே தலை வைக்கக் கூடாது என்பதால் கட்டிலின் தலைப்பக்கம் தெற்கே இருந்தது. எனவே எதிரே வடக்குச் சுவர், அதுதான் பொதுச்சுவர். கிழக்கே தலை வைத்துக் கட்டிலைத் திருப்பிப் போட என் மனைவியை இணங்க வைக்க இரண்டு வாரம் ஆயிற்று. இப்போது ஸ்பீக்கர்கள் மேற்குச் சுவரோரம், எங்கள் சமையலறையை ஒட்டி இருக்கின்றன. தலைமாட்டில் இரண்டு பக்கமும் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது பெரிய ஹெட்போனுக்குள் படுத்திருப்பதுபோல் இருக்குமே தவிர முன்னால் மேடை விரியாது.

நம் வீடுகளில் சுவருக்குள் குடைந்த சிமென்ட் அலமாரித் தட்டில் ஸ்பீக்கரை வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பின்பக்கம் காற்றுத்துளை உள்ள பெட்டியை அதில் வைத்தால், துளையிலிருந்து வரும் காற்று சிமென்டில் மோதி, எல்லாப் பாட்டும் சளி பிடித்த தொண்டையில் பாடுவதுபோல் ஆகிவிடும். அங்கே வைக்கத்தான் வேண்டும் என்றால் முன்பக்கம் துளை உள்ளதையோ, துளையே இல்லாததையோ வாங்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒரு பழைய காலுறையைச் சுருட்டித் துளையில் செருகிப் பார்க்கலாம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, சில நிறுவனங்கள் இதற்கென்றே பஞ்சுருளையைப் பெட்டியோடு தருகின்றன. மொசைக் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள அறையில் கைதட்டினால் 'டங்' என்று எதிரொலி வரும். மெத்தையும் கொடியில் தொங்கும் துணிகளும் இருக்கும் படுக்கையறை அந்த வகையில் கூடத்தைவிட எவ்வளவோ மேல்.

அப்பா வைத்திருந்த பெட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் வீட்டில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். 1980-களில் கடையில் பாகங்களாக வாங்கிக் கட்டிய 'அசெம்பிள் செட்'. எஸ்டிகே ஐசி போட்ட ஆம்ப்ளிஃபையர், எட்டு அங்குல வூஃபர் வைத்த இரண்டு தேக்குப் பெட்டிகள். பரணிலிருந்து இறக்கி முன்வலையைக் கழற்றினேன். கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையத்தை விரலால் தொட்டதும் அது நனைந்த ரொட்டித் துண்டுபோல் பிசுபிசுத்து, கறுப்பாக நகத்தில் ஒட்டிக்கொண்டது. மின்ட் பக்கம் ரீகோனிங் (ஸ்பீக்கர் கூம்பைப் புதுப்பிக்கும் வேலை) செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். "கடக்காத்து அண்ணே, ஸ்பான்ஜ துன்னுடும். ரப்பர் போட்டுட்டா அப்பால கவலையில்ல" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த வகை ஃபோம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் தானே சிதைந்துவிடும், பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தாலே பெரிது. கடற்கரையோரம் வாழ்கிறவர்கள் ரப்பர் வளையம் உள்ள ஸ்பீக்கரைத்தான் பார்த்து வாங்க வேண்டும். செம்பு இணைப்பு முனைகளும் காசிமேட்டுக் காற்றில் ஆண்டுக்குள் பச்சை பூத்துவிடுகின்றன; ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து அவ்வப்போது துடைக்கிறேன். ரப்பர் போட்டுத் திரும்பிய அப்பாவின் பெட்டிகள் அருமையாக ஒலித்தன. முதல் பாட்டிலேயே பீரோவும் உறுமிற்று. அவை இப்போது கூடத்தில் இருக்கின்றன, ஞாயிறு பகலில் மட்டும்.

கடைசியில் வாங்கியது என்ன என்று கேட்பீர்கள். தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் எங்கள் சுங்க முகவர் அலுவலகத்துக்கு எடிஃபையர் ஆர்1280டிபி என்ற ஜோடி. ஆம்ப்ளிஃபையர் ஒரு பெட்டிக்குள்ளேயே இருப்பதால் மேசையில் தனியாக ஒன்றும் வைக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் சேர்த்து 42 வாட், நான்கு அங்குல வூஃபர், முன்பக்கக் காற்றுத்துளை, பாஸ், ட்ரெபிள் திருகுகள் தனித்தனியே. கணினித்திரைக்கு இரண்டு பக்கமும் வைத்து, அடியில் பழைய சுங்கக் கட்டண நூல்களை அடுக்கிக் காது உயரத்துக்கு ஏற்றியிருக்கிறேன். அந்த நூல்களுக்கு அதைவிட நல்ல பயன் இனி இல்லை. அறையின் மூன்று சுவர்களிலும் அடுக்கியிருக்கும் கோப்புக்கட்டுகள் எதிரொலியைக் குடித்துவிடுகின்றன. அலுவலகத்தில் மிக முக்கியமானது, தொலைபேசி மணி அடித்ததும் ஒலியை ஒரு நொடியில் அடக்க முடிய வேண்டும் என்பது. இதன் ரிமோட்டை மேசை விளிம்பிலேயே இரட்டைப்பக்க நாடாவால் ஒட்டிவிட்டேன்.

படுக்கையறைக்கு ஆம்ப்ளிஃபையர், சிடி பிளேயர், வானொலி மூன்றும் ஒரே சிறு பெட்டியில் அடங்கி, ஸ்பீக்கர்கள் மட்டும் தனியே வரும் மினி காம்போனென்ட் வகையைத் தேர்ந்தேன். டெனான் டி-எம்41 இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: பக்கத்துக்கு 30 வாட், பன்னிரண்டு செ.மீ. வூஃபர், சிடி, வானொலி, புளூடூத், ஆப்டிகல் எல்லாம் உண்டு. எனக்குக் கிடைத்தது வேறொரு நிறுவனத்தின் பழைய மாடல், இரண்டாம் கையாக. சிடி இப்போது யார் கேட்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். என்னிடம் இருநூறுக்கு மேல் இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது? தவிர, இரவில் கைப்பேசியைக் கையில் எடுக்காமல் பாட்டுக் கேட்பதற்கு இதைவிட நல்ல உபாயம் இல்லை. 101.4-இல் வானொலியையும் உறங்கும் நேரக் கணக்கோடு வைத்துவிடலாம். ஒரே நீளப் பெட்டிக்குள் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்த புளூடூத் கருவிகளை நான் பரிசீலிக்கவே இல்லை. அரையடி இடைவெளியில் ஸ்டீரியோ என்பது பெயரளவில்தான். புளூடூத்தின் தரத்தைப் பற்றி வாதாடுகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லலாம். புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், சாதாரண எஸ்பிசி அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஐபோன்காரர்களுக்கு எல்டிஏசி கிடையாது, ஏஏசி என்ற வேறொரு முறையோடு நிற்க வேண்டும். ஆனால் விசிறி ஓடும் அறையில், மெல்ல வைத்து, இந்த வேறுபாட்டை என் காது ஒருமுறைகூடக் கண்டுபிடிக்கவில்லை.

மின்சாரத்தால் வரும் இரைச்சல் அதைவிடப் பெரிய தொல்லை. அலுவலக மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டுக்கொண்டே வயர் வழியாகப் பாட்டுக் கேட்டால் ஸ்பீக்கரில் தேனீ பறக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். எர்த் இணைப்பு வெவ்வேறு வழிகளில் சுற்றுவதால் வரும் வினை அது. ஆப்டிகல் வயருக்கு மாறியதும் தேனீ போயிற்று, ஏனென்றால் அதில் ஒளி மட்டுமே போகிறது, மின்சாரம் போவதில்லை. வீட்டில் பழைய மின்னணு விசிறி ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கரகரத்தது. கண்டன்சர் வைத்த படிநிலை ரெகுலேட்டர் மாற்றியதும் அடங்கியது. மின்தடையின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையர் முனகத்தான் செய்யும். அப்போது அணைத்துவிடுவது நல்லது.

ஸ்பீக்கர் வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கச் சொன்னவர் பேச்சைக் கேட்கவில்லை. 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், மூன்று மீட்டர் போய்த் திரும்பினாலும் அதன் தடை ஓமில் நூறில் ஏழு பங்குதான். ஆறு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பாரிமுனை மின்பொருள் கடையில் அளந்து வாங்கினேன். இருட்டில் கண்ணைக் குத்திய நீல விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன்.

இப்போது இரவில் வால்யூம் எண் 7-இல் நிற்கிறது, லவுட்னஸ் பொத்தான் அழுத்தியபடி. அடுத்த வீட்டு அம்மாவிடம் சென்ற வாரம் நானே போய்க் கேட்டேன். "ஒண்ணும் கேக்கலப்பா. நீ ஊருக்குப் போயிட்டியோன்னு நெனச்சேன்" என்றார். பீரோவின் கைப்பிடி மட்டும் ஒரே ஒரு பாட்டில் இன்னும் லேசாக உறுமுகிறது. நாளிதழை நான்காக மடித்து இடுக்கில் செருகி வைத்திருக்கிறேன், என் மனைவி பீரோவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது கீழே விழுகிறது.